ஆத்திக்கும் அவுட்டுக்கும் நடுவே

டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டிக் கொடுக்கும் என் கடைக்குப் போன மாதம் பயிற்சிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். கையில் ஒரு செல்போன். அதில் எங்கோ வெளிநாட்டில் நடக்கும் ஆட்டம். கோட்டருகே குனிந்து நிற்கும் நடுவர்கள் ஒருவரையும் காணோம். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் ஒரு பெண் குரல் மட்டும் "அவுட்" என்கிறது. இயந்திரமாம். தப்பே சொல்லாதாம்.

கூட்டத்தில் பெரியவள் நிவேதா. வாய் கொஞ்சம் நீளம், அவளுடைய பேக்ஹேண்டைப் போலவே. "அண்ணே, ஒங்க காலத்துல இந்த மெஷின் இருந்திருந்தா ஒங்களுக்கு ஒரு பாயிண்டாச்சும் கெடச்சிருக்கும்ல?" என்று கேட்டாள்.

அந்த 'ஆச்சும்'தான் குத்தியது. "அந்தக் காலத்துல நானே மெஷின்தான் தாயி, சுவிட்ச்தான் அடிக்கடி கோளாறாயிடும்" என்று சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் போகாமல் கடையிலேயே உட்கார்ந்துகொண்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் செபாஸ்டின். ஊரில் செபா. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் நான் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரன். இதைச் சொன்னால் இரண்டு வகையான பார்வை வரும். ஒன்று, டி.வி.யில் பார்த்ததில்லையே என்பது. இன்னொன்று, சரி, வேலை என்ன பார்த்தீர்கள் என்பது. இரண்டாவது பார்வையைத்தான் என் மாமனார் கடைசிவரை வைத்திருந்தார்.

பயிற்சிக் கதையை நீட்ட மாட்டேன். அப்பா பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பள்ளிக்குப் பின்னால் ஒரு செம்மண் கோர்ட் இருந்தது. அதற்கு ஒரு சுவர் இருந்தது. சுவரோடு ஆறு வருடம் ஆடினேன், ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பிறகு மனிதர்களோடு ஆடியபோது அவர்கள் தப்புச் செய்வது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. மாவட்டம், மாநிலம் என்று ஏறி, இருபத்திரண்டு வயதில் சர்க்யூட்டுக்குப் போய்விட்டேன்.

சர்க்யூட் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவது மாடி. நாங்கள் ஆடியது மாடிக்குப் போகும் படிக்கட்டுக்கும் கீழே, செருப்பு விடும் இடம். அங்கே ஒவ்வொரு போட்டியிலும் முப்பத்திரண்டு பேருக்கு இடம். அதில் சில இடங்களைத் தகுதிச் சுற்று ஆடிப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் முதல் சுற்றில் ஜெயித்தால் ஒரே ஒரு பாயிண்ட். அந்த ஒரு பாயிண்ட் கிடைத்தால் உலகத் தரவரிசைப் பட்டியலில் கடைசிப் பக்கத்தில், கடைசி வரிகளில் ஒன்றாக உங்கள் பெயர் அச்சாகும். மேலே இருப்பவன் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவு எழுத்து. எனக்கு அது போதும். அதற்காகத்தான் ரயிலில் கழிவறைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இந்தியா முழுக்கச் சுற்றினேன்.

கை நன்றாகத்தான் இருந்தது. கோளாறு வேறு இடத்தில். எனக்குப் பயம். சாதாரணப் பயம் இல்லை, ஏற்பாடுகளோடு வரும் பயம். ஆட்டத்துக்கு முன்னால் ஆறு முறை ஷூ கயிறு கட்டுவேன். வடக்கே ஒரு ஊரில் நாணயம் சுண்டிய நடுவர் ஆங்கிலத்தில் தலையா பூவா என்று கேட்க, நான் தமிழிலேயே "பூ" என்று சொன்னேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தார்.

அதே ஊரில்தான் ஒருமுறை தகுதிச் சுற்று தாண்டி முக்கியச் சுற்றுக்கு வந்தேன். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு இரண்டு. இன்னும் ஒரே கேம். அப்போது என் மனம் ஒரு வேலை செய்தது. பட்டியலில் என் பெயர் எப்படி அச்சாகும் என்று எழுத்துக்கூட்ட ஆரம்பித்தது. எஸ் முதலில் வருமா, அப்பா பெயர் முதலில் வருமா? ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஐந்துக்கு ஐந்து. அப்பா பெயர்தான் முதலில் என்று தீர்மானித்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசி, பேரால் தோற்றேன் என்றேன். "பேருல என்ன பிரச்சினை?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. விவரம் சொன்னேன். "சரி, வீட்டுக்கு வாங்க. உள்ள பேரு போதும்" என்றாள்.

ஸ்டெல்லா என் மனைவி. பள்ளி ஆசிரியை, வத்தலக்குண்டுக்காரி. அவள் எனக்குக் கிடைத்த நாளில்தான் இந்தக் கதையின் இன்னொரு பெரிய மனிதரும் எனக்குக் கிடைத்தார்.

அவர் ரெஃப்ரி காமத். போட்டி முழுவதற்கும் பொறுப்பாளர். மங்களூர்ப் பக்கத்துக்காரர். பேசுவது ஆங்கிலம், நான் இங்கே தமிழில் தருகிறேன். வெள்ளைத் துணித் தொப்பி, மடக்குக் குடை, இரண்டு கையிலும் கடிகாரம். ஒன்று நின்றுவிட்டால் இன்னொன்றாம். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டினால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "காட்டாது" என்றார்.

தகுதிச் சுற்று ஆட வேண்டுமென்றால் முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் ரெஃப்ரியின் மேசைக்கு நேரில் போய்த் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போன் கிடையாது, ஆள் அனுப்பக் கூடாது. ஆறு மணிக்குக் காமத் கையெழுத்து வாங்குகிற பேனாவை மூடிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுப்பார். அடிக்கோலை வைத்துக் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குக் கீழே உலகம் இல்லை.

மதுரையில் ஒரு போட்டி. கையெழுத்து நாளன்றே வத்தலக்குண்டில் பெண் பார்க்கும் ஏற்பாடு. காலையில் பார்த்துவிட்டு மத்தியானம் கிளம்பினால் நேரம் நிறைய என்று அப்பா கணக்குப் போட்டார். பெண் வீட்டில் சாப்பாடு, பிறகு பாயசம், பிறகு பங்குச் சாமியார் வருகிறார் என்று ஒரு காத்திருப்பு. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினால் கொடைக்கானலிலிருந்து இறங்கிய வண்டிகளெல்லாம் ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கின்றன. மதுரையில் அந்த அறைக்குள் நான் நுழைந்தபோது ஆறு மணி இரண்டு நிமிடம். காமத் கோடு போட்டு முடித்து, பென்சில் தூளை ஊதிக்கொண்டிருந்தார்.

"சார், பஸ் பஞ்சர்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் பயங்கரம். "அப்படியா? எந்த டயர்? முன்னாலா, பின்னாலா?"

உண்மையான பஞ்சர் பார்த்தவன் உடனே சொல்லிவிடுவான். நான் யோசித்தேன். பயத்தில் என் வாய் முந்திக்கொண்டது: "ரெண்டும் சார்."

"ரெண்டும்" என்று திருப்பிச் சொல்லி, தலையை ஒருமுறை ஆட்டி, "அடுத்த வாரம் வாருங்கள்" என்றார். திட்டவில்லை, சிரிக்கவில்லை. தாளை மடித்து உறையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. அந்த வெள்ளைத் தொப்பியைப் பார்த்தாலே வாய் உண்மையை மட்டும் பேசும். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் என்ன சாப்பிட்டேன், எத்தனை என்பதுவரை சொல்லிவிடுவேன்.

இதற்கிடையில் இன்னொரு வியாதியையும் சொல்ல வேண்டும். தகுதிச் சுற்று ஆட்டங்களில் கோர்ட்டுக்கு ஒரு நடுவர் என்று கிடையாது. அவரவர் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவரே நடுவர். வெளியே விழுந்தால் "அவுட்" என்று உடனே, சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பந்து உள்ளே. ஏதாவது சண்டை என்றால் ரெஃப்ரியைக் கூப்பிடுவார்கள்.

எனக்கோ, வேகமாக வரும் பந்து கோட்டுக்குப் பக்கத்தில் இறங்குவதைப் பார்த்தால் வாயில் தானாக ஒரு வார்த்தை வரும். "ஆத்தி!"

எங்கள் பக்கத்தில் பால் பொங்கினாலும் பாம்பு வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை கட்டினாலும் ஆத்திதான். அதிகமாகப் பெண்கள் சொல்வது. எனக்கு அம்மாவிடமிருந்து ஒட்டியது. மூச்சு நிறைய இருக்கும்போது 'ஆத்தி' முழுதாக வரும். மூன்றாவது செட்டில், பயமும் வெயிலும் சேர்ந்தால், 'தி' தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். வெளியே வருவது "ஆத்". இதை ஒரு திண்டுக்கல்காரன் கேட்டால் ஐயோ பாவம் என்பான். வெளிநாட்டுக்காரன் கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடுவான்.

அப்புறம் ஒரு வருடம், யாரும் எதிர்பாராமல், எங்கள் திண்டுக்கல்லுக்கே ஒரு சர்க்யூட் போட்டி வந்தது. பழனி ரோட்டில் ஒரு பள்ளியின் புது சிமெண்ட் கோர்ட்டுகளில். எனக்கு அப்போது முப்பத்துநாலு. முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்திருந்தது. ஸ்டெல்லாவிடம், "இதுதான் கடைசி. நம்ம ஊர்ல, நம்ம காத்துல கெடைக்கலேன்னா வேற எங்கயும் கெடைக்காது. விட்டுர்றேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப நான் லீவு போட்டு வாரேன். கடைசிப் படத்தையாவது மொதல்லருந்து பார்ப்போம்" என்றாள்.

உள்ளூர்க்காரனுக்கு நேரடி இடம் தருவார்களே என்று கேட்பீர்கள். அதெல்லாம் வளரும் பிள்ளைகளுக்கு. நான் வளர்ந்து முடிந்தவன். மாலை ஐந்துக்கே போய்க் கையெழுத்துப் போட்டேன். மேசைக்குப் பின்னால் அதே வெள்ளைத் தொப்பி. "இன்று டயர்கள் நலமா?" என்றார் காமத், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். அத்தனை வருடத்துக்குப் பிறகும்.

இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். மூன்றாவதுதான் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரில் தைமூர் என்று ஓர் உஸ்பெக் பையன். இருபது வயது இருக்கும். உடம்பெல்லாம் காலாக இருந்தான். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தம் நாலு வார்த்தை: ஹலோ, சாரி, அவுட், ரைஸ். அவனிடமும் ஒரு தரவரிசைப் பாயிண்ட்கூட இல்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஐந்து நாடு சுற்றிவிட்டு வந்திருக்கிறானாம். காலையில் அவன் தனியாக உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுவதைப் பார்த்தேன். அவிழ்த்தான். மறுபடி கட்டினான். மறுபடி அவிழ்த்தான். அடப்பாவி, நம்ம ஆளு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் செட் எனக்கு. இரண்டாவதில் நடுவே ஒரு பந்து என் பின்கோட்டைப் பார்த்து வந்தது. "ஆத்" என்று கத்திவிட்டேன். பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. நான் திருப்பி அடித்தேன். அவனோ மட்டையைத் தொங்கப் போட்டு நிற்கிறான். "அவுட்?" என்று விரலை நீட்டினான். முக்கியமில்லாத கட்டம். வம்பு எதற்கு என்று நானே கையைத் தூக்கி, "சாரி, சாரி, மறுபடி" என்று சைகை காட்டினேன். அந்தப் பாயிண்ட்டை மறுபடி ஆடினோம். அப்போது வேலியோரத்தில் ஸ்டெல்லாவும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தார்கள்.

அந்த செட் அவனுக்குப் போனது. மூன்றாவது செட் தொடங்கும்போதுதான் ஊர் வந்து சேர்ந்தது. தெரிந்தவர், தெரியாதவர், சாயங்கால டீக்குக் கிளம்பியவர் என்று ஐம்பது அறுபது பேர். தொப்பம்பட்டியிலிருந்து என் ஹாஸ்டல் நண்பன் கந்தசாமி தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தான். டென்னிஸில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், கத்தக் கூடாது என்பது. அதையும் சீக்கிரம் மறந்துவிட்டான்.

ஐந்துக்கு நான்கு, நான் முன்னால். சர்வீஸ் எனது. அட்வான்டேஜும் எனது. இன்னும் ஒரே பாயிண்ட். முக்கியச் சுற்று. அதற்கப்புறம் ஒரே ஆட்டம், பட்டியலில் பெயர். இந்த முறை எழுத்துக்கூட்ட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சர்வீஸ் போட்டேன். பத்துப் பதினைந்து அடி போய் வந்தது. சிறுமலைப் பக்கத்துக் காற்று குறுக்கே வீச, அவன் அடித்த ஒரு பந்து உயரமாக, ஆழமாக என் பின்கோட்டை நோக்கி இறங்கியது. என் வாய் திறந்தது.

சத்தம் வந்தது.

பந்து கோட்டைத் தொட்டது. நான் எப்படியோ மட்டையை நீட்டித் தூக்கிவிட்டேன். அது போய் அவன் பக்கம் நட்டநடுவே பூனைக்குட்டி மாதிரி விழுந்தது. அவன் அடிக்கவில்லை. நின்றுவிட்டிருந்தான்.

ஊர் எழுந்து கைதட்டியது. "முடிஞ்சுச்சு! செபா செயிச்சுட்டான்!" கந்தசாமி யாரோ ஒருவருடைய துண்டைப் பிடுங்கி வீசினான். தைமூர் வலையருகே ஓடி வந்து என்னைக் காட்டிக் காட்டி, "அவுட்! அவுட்!" என்றான். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

காமத் வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் குடையை மடக்கிச் சாய்த்து வைத்தார். தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது என்று விரலால் சொன்னார். முதல் கேள்வி இருவருக்கும்: பந்து எங்கே விழுந்தது? இருவரும் கோட்டைக் காட்டினோம். அதில் சண்டை இல்லை. இரண்டாவது, தைமூருக்கு: ஏன் நிறுத்தினீர்கள்? என்னைக் காட்டி, "அவுட்." மூன்றாவது, எனக்கு: என்ன சொன்னீர்கள்?

"ஆத்தி, சார்."

"அது என்ன?"

அதற்குள் வேலி பேச ஆரம்பித்தது. "ஏனுங்க சார்!" என்றான் கந்தசாமி. "அது அவுட்டுங்க இல்லீங்க, ஆத்திங்க! இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க சொல்றதுங்க! இவன் சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க, பல்லி விழுந்தாக்கூட அதையேதான் சொல்லுவானுங்க!"

"ஏலே, அதையெல்லாமா சொல்லுவ?" என்றார் ஒரு பெரியவர்.

"சத்தியம் பண்ணச் சொன்னா நாங்க அம்புட்டுப் பேரும் பண்ணுறோம் சார்!"

காமத் வேலிப்பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் சொன்னார்: "உங்கள் ஊரில் அதற்கு என்ன பொருள் என்பது எனக்குத் தேவையில்லை. இவர் காதில் அது என்னவாக விழுந்தது என்பதுதான் கேள்வி. இவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்கிறீர்களா?"

தைமூரைப் பார்த்தேன். அவன் குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றையே மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். "இல்லை சார்" என்றேன்.

"நல்லது. தெரியாமல் நடந்த இடைஞ்சல். பாயிண்ட்டை மறுபடி ஆடலாம், முதல் தடவையாக இருந்தால். இரண்டாவது தடவை என்றால் பாயிண்ட் சத்தம் போட்டவருக்கு இல்லை, எதிராளிக்கு." அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "இந்த ஆட்டத்தில் இது முதல் தடவையா?"

தைமூருக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. அவனிடம் இருந்த நாலு வார்த்தையில் 'முன்னேயும்' என்பது இல்லை. வேலியில் இருந்த ஐம்பது பேரும் மூன்றாவது செட்டுக்கு வந்தவர்கள். இரண்டாவது செட் எனக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்குத் தெரியும், தண்ணீர்த் தொட்டிக்குத் தெரியும்.

"மொதத் தடவதாம்பா! சொல்லு அப்பு!" என்றது ஊர்.

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று நான் பெரிய நேர்மையாளனாக நடந்துகொண்டேன் என்று இந்த ஊரில் இன்றும் பேச்சிருக்கிறது. ஒரு விழாவில் சால்வைகூடப் போட்டார்கள். நடந்தது இதுதான். 'முதல் தடவை' என்று சொல்வதாகவே நான் முடிவு செய்திருந்தேன். ஆங்கிலத்தில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன். பன்னிரண்டு வருடம், அத்தனை ரயில், அந்தக் கழிவறைப் பக்கத்து இருக்கை, எல்லாம் சேர்ந்துதான் அந்த வாக்கியத்தைத் தயார் செய்தன. நிமிர்ந்தேன். வெள்ளைத் தொப்பி. அதற்குக் கீழே கோபமே இல்லாத அந்தக் கண்கள். எந்த டயர்?

"ரெண்டாவது சார்" என்றது வாய்.

காமத் தலையை ஒருமுறை ஆட்டினார். "டியூஸ்", அதாவது மறுபடி சமநிலை, என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"அட கூறுகெட்டவனே!" என்றது வேலி. ஐம்பது குரலும் ஒரே குரலாக.

அப்புறம் நடந்ததை விவரிக்க ஒன்றுமில்லை. அந்த கேமை இழந்தேன், அடுத்ததையும், அதற்கடுத்ததையும். ஏழுக்கு ஐந்து. கை கொடுக்கும்போது தைமூர் என் கையை விடாமல் எதையோ தேடினான். அவனிடமிருந்த வார்த்தைகளில் எதுவும் பொருந்தவில்லை போலிருக்கிறது. கடைசியில், "ஆத்தி?" என்று கேட்டான். ஆமாம் தம்பி, அதேதான் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி பாதி வழியில் ஸ்டெல்லா, "ரெண்டாவது செட்ட நானும் பார்த்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. கடைசித் தகுதி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு ஒரு சந்து உண்டு. முக்கியச் சுற்றில் யாராவது காய்ச்சல், முதுகுவலி என்று விலகினால் அந்த இடத்துக்கு உள்ளே போகலாம். அதற்கு 'லக்கி லூசர்' என்று பெயர். கூப்பிடும்போதே அதிர்ஷ்டக்காரன் என்றும் தோத்தவன் என்றும் சேர்த்துத் திட்டுகிற உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான். தினமும் காலையில் முதல் ஆட்டத்துக்கு அரைமணி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, உடையோடு, ஷூவோடு, கூப்பிடும் தூரத்தில் காத்திருக்க வேண்டும். தோற்ற எங்கள் பெயர்களைச் சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் முதலாவதாக வந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். உலகத்திலேயே மனிதர்களின் உடல்நலத்தில் அவ்வளவு அக்கறை காட்டியவன் நானாகத்தான் இருப்பேன். ஒரு டெல்லிப் பையன் இரண்டு முறை தும்மினான். என் நெஞ்சு எழுந்து நின்றது. தூசியாம். கந்தசாமி பக்கத்தில் வந்து, "ஏனப்பா, அந்தச் செவப்புச் சட்டைக்காரனுக்கு எங்க தோட்டத்துப் பச்ச மொளகா நாலு குடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். பாதி விளையாட்டுதான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். அதையும் மறைக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை. முதல் சுற்றில் மீதி இருந்தது ஒரே ஆட்டம், தைமூருடையது. இருவரும் கோர்ட்டுக்குள் போய், பந்து தட்டிப் பார்த்து, முதல் சர்வீஸ் விழுந்தது. நான் இருந்த பெஞ்சை நோக்கிக் குடை ஒன்று நடந்து வந்தது. அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டம் தொடங்கிவிட்டால் தாள் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

காமத் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "மிஸ்டர் செபாஸ்டின், இனி ஷூ கயிற்றை அவிழ்க்கலாம்" என்றார்.

"சரி சார்."

"இது உங்கள் கடைசிப் போட்டி என்று உங்கள் மனைவி சொன்னார்."

"ஆமாம் சார்."

கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போதாவது சொல்லுங்கள். அன்று எந்த டயர்?"

"டயர் இல்லை சார். பெண் பார்க்கப் போயிருந்தேன்."

"தெரியும்" என்றார். "பட்டுக்கரை வேட்டியோடு வந்து நின்றீர்கள். இரண்டு டயர் பஞ்சரான பஸ்ஸிலிருந்து வந்த வேட்டியில் ஒரு கறை இல்லை. பெண்ணைப் பற்றி என்ன முடிவு என்று கேட்கத்தான் நினைத்தேன். விதிமுறையில் இடமில்லை." எழுந்து, குடையை விரித்து, போய்விட்டார். அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. அது சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை.

நிவேதாவுக்கான பதில் இதுதான். மெஷின் இருந்திருந்தால் என் 'ஆத்'தை யாரும் அவுட் என்று எடுத்திருக்க மாட்டார்கள், பாயிண்ட் கிடைத்திருக்கலாம். பந்து எங்கே விழுந்தது என்பதில் எங்களுக்குச் சண்டையே இல்லை, அதனால் கிடைக்காமலும் போயிருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம். மெஷின் இருந்திருந்தால் அந்த மனிதர் குடையை மடக்கிவிட்டு என்னிடம் எதையும் கேட்டிருக்க மாட்டார்.

அன்றைக்கு ஷூவைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. ஷூவோடேயே வேலியோரம் போய் நின்றேன். ஸ்டெல்லா பள்ளியிலிருந்து நேராக வந்து பக்கத்தில் நின்றாள். தைமூர் ஆடுவதைப் பார்த்தோம். மூன்றாவது செட், ஐந்துக்கு நான்கு, அவன் சர்வீஸ், அட்வான்டேஜ். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அவன் குனிந்து ஷூ கயிற்றைத் தொட்டான். "கட்டாதடா, அடி" என்றேன் வாய்க்குள்.

அடித்தான். போய் வந்து, போய் வந்து, அவன் ஓங்கி அடித்த ஒரு பந்து எதிராளியின் பின்கோட்டில், வெளியேயா உள்ளேயா என்று தெரியாத இடத்தில், விழுந்து எகிறியது. எதிராளியால் தொட முடியவில்லை. தைமூர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் வேலியைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"ஆத்தீ!"

முழுசாக. 'தி'யும் சேர்த்து.

முக்கியச் சுற்று என்பதால் நாற்காலியில் ஒரு நடுவர் இருந்தார், வடக்கத்திக்காரர். அவர் குழம்பிப்போய்த் தைமூரிடம் குனிந்து, "அவுட் இல்லை தம்பி, பந்து உள்ளேதான். நீதான் ஜெயித்தாய்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் திண்டுக்கல்லே சிரித்துக்கொண்டிருந்தது. கந்தசாமி மறுபடியும் யாருடைய துண்டையோ பிடுங்கியிருந்தான்.

"போச்சு, ஒங்க வியாதி உஸ்பெக்கு வரைக்கும் பரவிருச்சு" என்றாள் ஸ்டெல்லா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சேலைத் தலைப்பால் எதற்கோ கண்ணைத் துடைத்தாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு முடிச்சு. ஆறு முறை கட்டியது ஒரே இழுப்பில் வந்துவிட்டது.